சாவாமையும் மூவாமையும்

யவனரது பழங்கதையொன்றில், வைகறைத் தெய்வமாகிய ஈயோஸ், திராய் அரசனாகிய பிரியமின் உடன்பிறந்தானான தித்தோனஸைக் காதலித்துக் கொண்டுசென்றாள். தேவர்தலைவனாகிய சீயுஸிடம் அவனுக்குச் சாவாமை வேண்டிப் பெற்றாள். மூவாமை வேண்ட மறந்தாள். நரை தோன்றியபோது அவன் படுக்கையை நீங்கினாள்; ஆயினும் உணவும் அமுதும் நல்லாடையும் அளித்துப் பேணினாள். கைகால் அசைக்கவும் இயலாத மூப்பு வந்துற்றபோது ஓர் அறையுள் இட்டுக் கதவை அடைத்தாள். அவன் குரல் மட்டும் ஓயாது ஒலித்தது. ஹோமர் பெயரால் வழங்கும் அப்ரோதிதை துதியில் இவ்வளவே காணப்படும். அவன் சிள்வண்டாயினான் என்பது பிற்காலத்தார் கூற்று.

இக்கதையின் கருத்து யாது? வரம் வேண்டுவோர் சொல்லை ஆராய்ந்து வேண்டல்வேண்டும் என்பதே என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின், விடுபட்ட ஒரு சொல்லைச் சேர்த்துவிடின் முடிவிலா வாழ்வு குறைவற்ற இன்பமாம் என்பது பெறப்படும். அத்துதியுள்ளேயே கனிமீட் என்பான் சாவாமையும் மூவாமையும் ஒருங்கே பெற்றான் எனக் கூறப்படுதலின், இவ்வுரை முற்றும் ஆதாரமற்றதன்று.

ஆயினும் அது நிரம்பிய உரையாகாது. என்னை? தித்தோனஸின் மகனாகிய மெம்னோன் திராய்ப் போரில் அக்கிலீஸால் மாண்டான். பிரியமும் அவன் நகரும் அழிந்தன. தித்தோனஸ் இளைஞனாகவே இருந்திருப்பினும் இத்துயரெல்லாம் அவனைச் சார்ந்தேயிருக்கும். அவற்றிற்கு முடிவும் இராது. மூவாமை உடம்பைக் காக்கும், உறவைக் காவாது.

இனி, ஒடிசியின் 5-ஆம் பகுதியை நோக்குக. ஒடிசியஸைத் தன் தீவில் 7 ஆண்டு வைத்திருந்த கலிப்ஸோ, சாவாமை மூவாமை இரண்டையும் அவனுக்கு அளிக்க முன்வந்தாள். ஈயோஸ் மறந்ததை இவள் மறந்திலள். அவனோ, தன் மனைவி பெனெலோப்பி சாவும் இயல்பினள் என்றும், வடிவால் கலிப்ஸோவுக்கு நிகராகாள் என்றும் தானே ஒப்புக்கொண்டு, கடலிற் படும் துன்பத்தையும் ஏற்று, வீடு திரும்பும் நாளையே விரும்பினான். குறைவற்ற வரமும் வேண்டப்படாததாயிற்று.

ஆங்கிலப் புலவர் டெனிசன் 1833-இல் தொடங்கி 1860-இல் வெளியிட்ட செய்யுளில், வரம் வேண்டினவன் தித்தோனஸே என மாற்றினார். அவன் மூப்பிற்கு மட்டும் இரங்குவானல்லன். மக்கட்கு அமைந்த எல்லையை ஒருவன் கடக்க விரும்புவானேன் என்றும் இரங்குகின்றான். இறக்கவல்ல மக்களைப் பேறுடையார் என்கின்றான். கதையின் உட்பொருளை இம்மாற்றம் நன்கு விளக்குகின்றது. வேட்கையும் அதன் பயனும் ஒருவன்மாட்டே நிற்றலின் என்க.

எனினும் பழந்துதியின் கொடுமை வேறு. ஒடிசியஸ் வினவப்பட்டான்; ஆதலின் மறுக்கவும் வல்லனாயினான். தித்தோனஸ் வினவப்பட்டதாகத் துதியில் யாண்டும் இல்லை. யாருடன், எதன்பொருட்டு வாழ்வது என்பதை ஒழித்து, நாட்களை மட்டும் பெருக்கித் தருதல் அன்பாகாது. ஈயோஸ் மறந்தது மூவாமை ஒன்றேயன்று. அவன் விருப்பம் யாதென்று வினவுதலையும் மறந்தாள். கதையின் முதற்குற்றம் அதுவே.