வழுக்கையும் தூய்மையும்: எபிரேயச் சொல்லொன்று பற்றிய ஆராய்ச்சி

பழைய சமுதாயமொன்றின் உள்ளத்தை அறிய விழைவோர் அதன் காப்பியங்களை மட்டுமன்றி, அதன் சட்டங்களில் வழங்குஞ் சிறு சொற்களையும் நோக்கல் வேண்டும். அத்தகைய சொற்களுள் ஒன்று, வழுக்கைத் தலையனைக் குறிக்கும் 'கேரேயஹ்' என்னும் எபிரேயச் சொல். விவிலிய நூலை ஓர் இந்துக் கல்லூரி மலரில் ஆராய்வது பொருந்துமோ என்பார் உளராயின், பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரவர்கள் துணைநின்று உழைத்தமையை அவர்கள் நினைவுகூர்வாராக.

இச்சொல் லேவியராகமம் 13ஆம் அதிகாரத்திற் காணப்படுகின்றது. உச்சியும் பின்தலையும் மயிரிழந்தவன் கேரேயஹ். முன்தலை மயிரிழந்தவன் 'கிப்பேயஹ்'. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத நூல், உச்சியினின்று பின்னே கழுத்து நோக்கிச் சரிவது முன்னதன் எல்லை, முன்னே முகம் நோக்கிச் சரிவது பின்னதன் எல்லை என வரையறுக்கின்றது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளரும் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்களையே ஆண்டனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்போ 'மொட்டை' என்னுஞ் சொல்லைக் கொண்டது. தானாக உதிர்ந்த தலைக்கும் மழித்த தலைக்கும் அச்சொல் பொதுவாகலின், மூலத்தின் நுட்பம் தமிழில் மங்கிவிடுகின்றது. 'வழுக்கை' என்பதே ஈண்டு ஏற்ற சொல் என்பது எமது கருத்து.

இனி, இச்சொல்லின் வடிவை நோக்குவாம். குருடனைக் குறிக்கும் 'இவ்வேர்', முடவனைக் குறிக்கும் 'பிஸ்ஸேயஹ்', ஊமையைக் குறிக்கும் 'இல்லேம்', செவிடனைக் குறிக்கும் 'ஹேரேஷ்' ஆகியன யாவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. வழுக்கையைக் குறிக்கும் இரு சொற்களும் அவ்வாய்பாட்டினவே. எனவே, அம்மொழி பேசிய மக்கள் வழுக்கையை உடற்குறைகளுள் ஒன்றாகவே எண்ணினர் என்பது பெறப்படும். அது இகழ்ச்சிக்கும் இடமாயிற்று. பெத்தேல் ஊர்ச் சிறுவர் எலிசா தீர்க்கதரிசியை இச்சொல்லாலேயே எள்ளினர் என்றும், அவர் சாபத்தால் இரு கரடிகள் வந்து 42 பேரைப் பீறின என்றும் இராஜாக்களின் இரண்டாம் நூல் கூறும். ஆசிரியரின் தலையைக் கண்டு நகைக்கும் மாணாக்கர் இக்கதையை நினைவிற் கொள்வது நன்று!

மொழி குறையென்றது, ஊர் நகைத்தது, சட்டம் யாது கூறிற்று? தலைமயிர் உதிர்ந்தவன் வழுக்கையனே. அவன் 'தாஹோர்', அதாவது தூயவன் என்று கூறிற்று. முன்தலை வழுக்கையனுக்கும் அத்தீர்ப்பே மீண்டும் உரைக்கப்படுகின்றது. இவ்விரு தீர்ப்புகளின் பெறுமதியை அவை நிற்கும் இடமே காட்டும். அவற்றுக்கு முன்னே, தலையிலும் தாடியிலும் தோன்றி மயிரை மெலிவித்து மஞ்சளாக்கும் படைக்குரிய விதிகள் உள்ளன. அவற்றுக்குப் பின்னே, 'ஸாராஅத்' என்னுந் தோற்கேடு உடையவன் கிழிந்த ஆடையுடன், தான் தீட்டுடையவன் எனக் கூவிக்கொண்டு, பாளையத்துக்குப் புறம்பே தனித்து வாழவேண்டும் என்ற விதி உள்ளது. மயிருதிர்ந்த எவனும் ஐயத்துக்கு ஆளாகி அங்ஙனம் புறந்தள்ளப்படாவண்ணம் இடையில் நின்று காப்பது 'தாஹோர்' என்னும் ஒரு சொல்லேயாம். வழுக்கையில் வெண்மையுஞ் செம்மையுங் கலந்த புண் தோன்றினால் மட்டுமே குருவானவர் அதனைச் சோதித்துத் தீட்டென அறிவிப்பர்.

இவ்விதிகளை வெறுஞ் சுகாதார விதிகளாகக் கொள்வார் பலர். அக்கொள்கை ஏற்புடைத்தன்று. தோற்கேடு உடல் முழுவதும் பரவி வெண்மையானால் அவன் தூயவன் என்று அதே அதிகாரம் கூறுகின்றது. கறை கண்ட வீட்டைக் குருவானவர் பார்வையிட வருமுன் பொருள்களை வெளியேற்றினால் அவை தீட்டாகா என்று அடுத்த அதிகாரம் கூறுகின்றது. தொற்றுக்கு அஞ்சி எழுந்த சட்டமாயின் இவ்வாறு கூறுமா? ஆடையிலும் சுவரிலும் தோன்றும் ஸாராஅத்தைத் தொழுநோய் என மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. இங்கே கூறப்படுந் தீட்டு அழுக்குமன்று, பாவமுமன்று; இறைவன் சந்நிதிக்கு அணுகத் தடையாய் உள்ள ஒரு நிலை. 'துடக்கு' என்னுஞ் சொல்லை அறிந்த நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இதே சொல்லடியிற் பிறந்த 'கொர்ஹா' என்பது இறந்தோர் பொருட்டுத் தலையை மழித்துக்கொள்ளும் வழுக்கை. லேவியராகமம் 21ஆம் அதிகாரம் இதனைக் குருமார்க்கும், உபாகமம் 14ஆம் அதிகாரம் மக்கள் யாவர்க்கும் விலக்குகின்றன. தானாக வந்த வழுக்கைக்குத் தடையில்லை. துயரால் ஆக்கிக்கொண்ட வழுக்கைக்கே தடை. ஆகவே, சட்டம் நோக்கியது தலையின் தோற்றத்தையன்று, மனிதன் செயலையே என்பது தெளிவு.

எனினும் ஒரு மறுப்பு எழலாம். காதுக்குக் காது மயிர்வரிசையில்லாத வழுக்கையன் குருத்துவப் பணிக்குத் தகான் என்று மிஷ்னா விதிக்கின்றது. லேவியராகமம் கூறுங் குறைகளின் பட்டியலில் வழுக்கை இல்லை. பின்வந்தோர் அதனைச் சேர்த்தனர். ஊரின் பார்வை சட்டத்துள் மீண்டும் புகுந்தது போலும்! ஆயினும், குறையுடைய குருவானவரும் புனித உணவை உண்ணலாம் என்பது மூலநூலின் விதி. எனவே, குறை வேறு, தீட்டு வேறு என்னும் பாகுபாடு பின்னரும் அழியவில்லை.

பிறர் உடலிற் கண்ட வேறுபாட்டை உடனே குற்றமாக்குவது மக்கள் இயல்பு. அவ்வியல்பைக் கடந்து, ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது சட்டத்தின் கடன். அக்கடனை இப்பழைய நூல் ஒரு சிறு சொல்லால் நிறைவேற்றியது. பிறர் நூலைக் கற்பதன் பயன், நம் பார்வையை நாமே சோதித்துக்கொள்வதன்றோ?