மின்னணு மருத்துவப் பதிவேடு: இந்தியாவில் எண், இலங்கையில் வார்டு

மின்னணு மருத்துவப் பதிவேட்டை இந்தியா நோயாளியிடமிருந்து தொடங்கியது. இலங்கை வைத்தியசாலையிலிருந்து தொடங்கியது. இரு நாட்டு மருத்துவ அமைப்பின் வேறுபாடே இதற்குக் காரணம். இந்தியாவில் பெரும்பாலோர் தனியாரிடம் சிகிச்சை பெறுகிறார்கள். அத்தனை தனியார் மருத்துவமனைகளையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவது நடக்கிற காரியம் அல்ல. இலங்கையிலோ வார்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசு வைத்தியசாலைகளுக்கே செல்கிறார்கள், கட்டணம் ஏதுமின்றி.

இந்தியச் சுகாதார அமைச்சகம் 2013இல் பதிவேட்டுத் தரங்களை வெளியிட்டு 2016இல் திருத்தியது. புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் 2020இல் சோதித்த திட்டம், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ‘ஆபா’ என்ற சுகாதாரக் கணக்கு எண். பதிவுகள் ஓரிடத்தில் குவிவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கின்றன. நோயாளி கைபேசியில் ஒப்புதல் தந்தால்தான் இன்னொரு மருத்துவர் பார்க்க முடியும். தனியுரிமையை மதிக்கும் நல்ல வடிவமைப்பு இது. ஆனால் கோவின் தளத்தில் கொரோனா தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்தவர்களுக்குக் கேட்காமலே எண் உருவாக்கப்பட்டது என்ற விமர்சனம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எண் பெற்ற பலருக்கும் கண்கூடான பயன், ஓபி வரிசையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்குவதோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டின் கர்ப்பிணி-குழந்தைப் பதிவு முறையான ‘பிக்மி’ இதைவிடப் பழையது, ஆழமாக வேரூன்றியது. 2008இல் தொடங்கிய இந்தப் பதிவில், கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் விவரங்களைச் சேர்க்கிறார். பரிசோதனைகளும் பிரசவமும் தடுப்பூசியும் தொடர்ந்து ஏறுகின்றன. பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை என்றானபின் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மாரும் இதற்குள் வந்தார்கள். சுமை விழுந்தது செவிலியர் தோளில்: காகிதப் பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டியிருந்தது.

இலங்கை முதலில் ஆட்களை உருவாக்கியது. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இல் மருத்துவர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. வார்டு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்களே மென்பொருளையும் வடிவமைத்தார்கள். இலங்கை செய்த மிகச் சரியான முதலீடு இதுதான். திறந்த மூல மென்பொருள்கள் வைத்தியசாலைகளுக்குள் வந்தன. தொம்பே மாவட்ட வைத்தியசாலை மின்வைத்தியசாலைக்கு முன்மாதிரி ஆனது. விடுதி நோயாளர்களின் நோய், இறப்பு விவரங்கள் மின்னணு முறையில் அமைச்சுக்குச் செல்லத் தொடங்கின. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, டி.எச்.ஐ.எஸ்.2 என்ற தளத்தில் நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்கும் முறையை இலங்கைக் குழு மிக விரைவாக உருவாக்கியது. பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன.

குறை, இணைப்பில் இருக்கிறது. நோயாளருக்குத் தனிப்பட்ட சுகாதார எண் வகுக்கப்பட்டும், வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்படுபவர் பெரும்பாலும் கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையுமே கொண்டுபோகிறார். மத்திய அமைச்சின் வைத்தியசாலைகளும் மாகாண சபைகளின் வைத்தியசாலைகளும் வெவ்வேறு நிர்வாகத்தில் இருப்பது சிக்கலைக் கூட்டுகிறது.

சட்டத்தில் இலங்கை முந்தியது: தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் இயற்றியது, இந்தியா 2023இல். நடைமுறைப்படுத்துவதில் இரண்டுமே மெதுவாக நடக்கின்றன.

எண்ணில் தொடங்குவதா, வார்டில் தொடங்குவதா என்ற இந்த வேறுபாடு மலேசியத் தமிழருக்கு வியப்பாகத் தோன்றலாம். செபராங் ஜெயா அரசு மருத்துவமனை முகப்பில் மைகாட் அடையாள அட்டை எண்ணே ஒருவரை அடையாளம் காட்டப் போதும். நோயாளி யார் என்ற கேள்விக்கு அங்கே தனி எண் தேவைப்படவில்லை. காகிதமில்லா மருத்துவமனையாகச் செலாயாங் 1999இலேயே இயங்கத் தொடங்கியது. ஆனாலும் ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொன்றில் திறப்பது மலேசியாவிலும் நீண்ட காலம் எட்டாமலே இருந்தது. அடையாள எண்ணும் வார்டுப் பதிவும் தனித்தனியே இருந்தால் போதாது என்பதை இந்தியாவும் இலங்கையும் எதிரெதிர் முனைகளிலிருந்து கண்டுகொண்டிருக்கின்றன: இந்தியாவில் எண்ணுக்குப் பின்னால் பதிவு சேர வேண்டும், இலங்கையில் பதிவுகளை எண் கோக்க வேண்டும்.