வாளால் மீளும் ஊர்கள்: பதினாறு பிட் காலத்துத் திரைவிளையாட்டுக்கள் மூன்றனைப் பற்றிய ஆய்வு

கதையை நாம் மூவகையாற் பெறுகின்றோம். கேட்டுப் பெறுவது ஒன்று. கண்டு பெறுவது மற்றொன்று. செய்து பெறுவது பிறிதொன்று. கோயிலிற் புராண படனம் கேட்போர் முதல் வகையினர். வட்டக்களரியைச் சூழ அமர்ந்து வடமோடியோ தென்மோடியோ விடியுமட்டும் காண்போர் இரண்டாம் வகையினர். மூன்றாவது வகை அரிது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் விழாவிற் பாண்டவராய்க் கோலம் பூண்டோர் வனவாசம் புறப்படும்போது, அவர் பாரதக் கதையைக் கேட்பாருமல்லர், காண்பாருமல்லர். அதனைத் தம் காலால் நடப்போர் ஆவர். தீக்குழியில் இறங்கும் அடியவனுக்குப் பாரதம் ஒரு செய்தியன்று; உள்ளங்காலால் உணரும் செயலாகும்.

இளைஞர் 'வீடியோ கேம்' என வழங்கும் திரைவிளையாட்டு, அத்தகைய தெய்விகத் தன்மை யாதும் இல்லாததாயினும், வகையால் இம்மூன்றாவதனையே சார்ந்தது. அதில் வீரன் ஓரடி எடுத்துவைக்க வேண்டுமாயின் ஆடுவோனின் விரல் அசைதல் வேண்டும். வீரன் செய்யும் பிழை ஆடுவோனின் பிழையேயாகும். நாவிதன்வெளியிலும் கல்முனையிலும் மாணவர் பலர் கைப்பேசியிற் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்களோடு மாலைப்பொழுதைப் போக்குகின்றனர் என ஆசிரியரும் பெற்றோரும் குறைகூறுவது நியாயமே. ஆயினும், ஒரு கலைவகையை அதன் கடைப்பட்ட படைப்புக்களைக் கொண்டு அளந்து தள்ளுதல் திறனாய்வு நெறியன்று. இழிந்த நாவல்கள் பல உளவென்பதற்காக நாவல் என்னும் வகையையே வெறுப்பார் உளரோ? நல்லன தெரிந்து காட்டுதலே கற்பிப்போர் கடன். அந்நோக்குடன், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் யப்பானிற் பிறந்த மூன்று ஆட்டங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் 'பதினாறு பிட்' என்பதன் பொருளைக் கூறுதல் வேண்டும். ஒரு பொறி கணக்கிடும்போது இருமை இலக்கங்கள் பதினாறனை ஒருசேரக் கையாள வல்லதாயின் அது பதினாறு பிட் பொறி எனப்படும். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1988 ஆம் ஆண்டிலும், நின்டென்டோ நிறுவனத்தின் சூப்பர் பமிகொம் 1990 ஆம் ஆண்டிலும் யப்பானில் வெளிவந்தன. பின்னையது மறு ஆண்டு அமெரிக்காவிற் சூப்பர் நின்டென்டோ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. ஆட்டங்கள் கசெட்டுக்களில் அடைக்கப்பட்டிருந்தன. நாம் ஆராயும் மூன்றனுட் பெரியது நான்கு மெகாபைட் அளவினது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அவ்விடத்தை நிரப்பிவிடும். அச்சிறு இடத்தினுள் கதை, ஓவியம், இசை, செயல் யாவும் அடங்கவேண்டியிருந்தமையால், வேண்டாதன களைந்து வேண்டியன மட்டும் வைக்கும் சிக்கனம் அக்காலப் படைப்பாளர்க்குக் கட்டாயமாயிற்று.

அக்காலத்தே, வாளெடுத்துப் போர் புரியும் செயலும், ஒரு பாத்திரத்தை ஏற்று நாடுகள் பல சுற்றி அறிவும் வலுவும் பெறும் கதையும் ஒன்றிய ஆட்டவகை செழித்தது. 1991 இல் வந்த 'செல்டா: எ லிங் டு த பாஸ்ட்' ஒளியுலகு, இருளுலகு என இரண்டனை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இடத்தையே புதிராக்கியது. 1993 இல் வந்த 'சீக்ரட் ஒவ் மானா' மூவர் ஒருங்கே கூடி ஆடத்தக்க முறையை வகுத்தது. நட்பின் இன்பத்தை அதனிலும் நன்கு காட்டிய ஆட்டம் அவ்வகையில் அரிது. சேகாவின் பொறிக்கு 1992 இல் வந்த 'லான்ட்ஸ்டோக்கர்' சரிவாக வரையப்பட்ட மேடுபள்ளங்களிற் குதித்தேறும் அருமையாற் பெயர்பெற்றது. இவையெல்லாம் சிறந்தனவே. ஆயினும் இவற்றில் வாளின் தொழில் மாறவில்லை. பகையை அழிப்பது, வழியைத் திறப்பது என்னும் இரண்டோடு அது அமைந்துவிடுகின்றது. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டனுள் அச்சம், பெருமிதம், வெகுளி என்பனவே இவ்வகை ஆட்டங்களின் முதலாக உள்ளன. அழுகைக்கு இவற்றில் இடஞ்சிறிது.

அவ்விடத்தைப் பெருக்கியது குயின்டெட் என்னும் சிறு நிறுவனம். 'ஈஸ்' என்னும் ஆட்டத்தொடரிற் பணியாற்றிய மசாயா ஹஷிமோட்டோ, டொமொயோஷி மியசாக்கி என்போர் 1989 இல் அதனை நிறுவினர். எனிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 1992 இல் 'சோல் பிளேசர்', 1993 இல் 'இல்லூசன் ஒவ் காயா', 1995 இல் 'டெரானிக்மா' என மூன்று ஆட்டங்களை அது வெளியிட்டது. கதையால் தனித்தனியாயினும் கருத்தால் இவை ஒரு தொடர். இவற்றில் வாள் அழிப்பதற்கன்று, மீட்பதற்கு. அன்றியும், மீட்டவனுக்கு அம்மீட்பினால் யாது விளைகின்றது என்னும் வினாவை ஒவ்வோர் ஆட்டமும் முன்னையதினும் ஆழமாக எழுப்புகின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சோல் பிளேசரின் கதை எளியது. பொன்னாசை பிடித்த மன்னன் ஒருவன், ஓர் உயிருக்கு ஒரு பொற்காசு என்னும் விலைக்கு, தன் நாட்டின் உயிர்களையெல்லாம் ஒரு தீய தெய்வத்துக்கு விற்றுவிடுகின்றான். விண்ணிலிருந்து அனுப்பப்பட்ட வீரன் வெறும் நிலத்தில் வந்திறங்குகின்றான். ஊர் இல்லை, மரம் இல்லை, ஆள் இல்லை. அவன் நிலவறையுட் சென்று, பூதங்கள் புறப்படும் பொந்து ஒன்றனை அடக்குந்தோறும் மேலே ஓருயிர் மீள்கின்றது. ஒருகால் ஒரு முதியவர். ஒருகால் ஒரு நாய். ஒருகால் ஒரு பூஞ்செடி. ஒருகால் ஒரு வீடு. ஆடுவோன் ஊருக்குத் திரும்பி மீண்டவரோடு உரையாடுகின்றான். விலங்கும் செடியும் தளபாடமும்கூடப் பேசுகின்றன. சற்றுமுன் பாழ்நிலமாயிருந்த இடத்தில் ஒரு தெருவும் அதில் அயலவரும் தோன்றிவிடுகின்றனர். வாள்வீச்சின் பயனை எண்களாற் காட்டாது முகங்களாற் காட்டியமையே இவ்வாட்டத்தின் தலையாய சிறப்பு.

நம் பிரதேசத்து வாசகர்க்கு இக்காட்சி பிறிதொரு வகையாற் படும். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக் கரைகளிற் கடல் புகுந்து தெருத்தெருவாகத் துடைத்துச் சென்றதைக் கண்டோர் நம்மிடையே உளர். 2009 இல் முடிந்த போரின் காலத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, மீண்டு வந்து தம் வளவின் எல்லையைக் கிணற்றைக் கொண்டு அடையாளங் கண்டோரும் உளர். வெற்றுநிலத்தில் ஒரு வீடு எழும்புவதைக் காணும்போது உள்ளம் நெகிழ்வது இவர்க்கு இயல்பு. ஆயின் அவ்விடத்தேயே ஒரு தடையும் எழுகின்றது. ஆட்டத்தில் மாண்டோர் யாவரும் மீள்கின்றனர். வாழ்வில் வீடு மீளும், வீட்டிலிருந்தோர் மீளார். அங்ஙனமாயின் இவ்வாட்டம் தருவது பொய்யான ஆறுதலன்றோ? இவ்வினா நியாயமானது. சோல் பிளேசர் இதற்கு விடைகூறவில்லை. முடிவில், கடமை நிறைந்த வீரன் தான் மீட்ட ஊரைப் பிரிந்து விண்ணுக்கு ஏகவேண்டியிருப்பதையும், நினைவிழந்தேனும் மனிதனாய்த் திரும்ப விழைவதையும் மட்டும் குறிப்பாற் காட்டி அமைகின்றது. விடையைத் தேடி அடுத்த இரண்டிற்கும் செல்லவேண்டும்.

இல்லூசன் ஒவ் காயாவின் கதையை யப்பானிய அறிவியற் புனைகதையாளர் மரிக்கோ ஓஹரா எழுத, பாத்திரங்களின் தோற்றத்தைப் புகழ்பெற்ற படக்கதை ஓவியர் மொட்டோ ஹாகியோ வகுத்தார். தந்தையைத் தேடிப் புறப்படும் சிறுவன் ஒருவன் தோழரோடு உலகின் பழம் பெருஞ்சின்னங்களைச் சுற்றிவருகின்றான். இன்கா மக்களின் இடிபாடுகள், நாஸ்கா, சீனப் பெருஞ்சுவர், எகிப்தியப் பிரமிட்டு என்பவற்றோடு, கெமர் வேந்தன் இரண்டாம் சூரியவர்மன் 12 ஆம் நூற்றாண்டிலே திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட்டும் அவற்றுள் அடங்கும். மலர் நிறைந்த நகரொன்றின் அழகுத் தெருக்களுக்குப் பின்னால் அடிமை வாணிகம் நடப்பதை ஆடுவோன் தானே நடந்து கண்டறியுமாறு அமைத்த பகுதி, மறைவில் நிகழும் கொடுமையை நன்கு உணர்த்துவதாகும்.

அங்கோர் வாட்டை அடையுமுன் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. பசியால் வாடிய சிற்றூர் மக்களிடம் சிறுவரும் சிறுமியரும் அகப்படுகின்றனர். அவ்வேளை, அவர்கள் அன்போடு வளர்த்துவந்த பன்றிக்குட்டி தானே தீயிற் பாய்ந்து அவ்வூரார்க்கு உணவாகின்றது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியின் வரலாற்றையும், விருந்தினனுக்காகத் தீயிற் பாய்ந்த முயலின் சாதகக் கதையையும் அறிந்த நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. புதியது யாதெனின், இவ்வேளை ஆடுவோன் கையில் வாளிருந்தும் அவனாற் செய்யக்கூடியது ஒன்றுமின்மையே. செயலை முதலாகக் கொண்ட கலையொன்று செயலின்மையை இங்ஙனம் பயன்படுத்தியது போற்றற்குரியது. இழப்பு மீளாது என்பதை இரண்டாம் ஆட்டம் ஒப்புக்கொள்கின்றது.

மூன்றாவதாகிய டெரானிக்மாவில் இக்கருத்து நிறைவுறுகின்றது. பூமியின் உட்புறத்துச் சிற்றூரொன்றில் வாழும் ஆர்க் என்னும் இளைஞன், திறக்கலாகாத பெட்டியைத் திறந்துவிட, அவன் ஊரார் உறைந்து போகின்றனர். அவர்களை மீட்கப் புகுந்தவன் மேலுலகத்துக் கண்டங்களையும், பின்னர்ச் செடிகொடிகளையும், பறவைகளையும், விலங்குகளையும், இறுதியில் மாந்தரையும் படிப்படியாக உயிர்ப்பிக்கின்றான். அவன் மரத்தோடும் சிங்கக்குட்டியோடும் உரையாடுவது அதுவரை இயல்பாயிருந்தது. மாந்தர் தோன்றியபின் அவன் துயின்றெழுந்து பழைய தோழரை அணுகுகின்றான். அவர்தம் மொழி அவனுக்கு விளங்கவில்லை. இது குறித்து நீண்ட சொற்பொழிவு எதுவும் இல்லை. வழக்கம்போல ஒரு விலங்கின் அருகிற் சென்று பேச முயலும்போது, மறுமொழியாய் வெறும் குரல் ஒன்றே வருகின்றது. அவ்வளவே. படைப்பின் ஒவ்வொரு படியும் முன்னைய படியொன்றன் இழப்பு என்பதை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது.

இனி நகரங்கள் வளர்கின்றன, வாணிகம் பெருகுகின்றது, அறிவியல் தோன்றுகின்றது. அவ்வறிவியலின் முடியாக, தகுதியுடையோர் எனத் தான் கருதுவோரை மட்டும் எஞ்சவிட்டு ஏனையோரைக் கொள்ளைநோயால் அழிக்க முனையும் அறிஞன் ஒருவனையும் ஆர்க்கே மீட்டுத் தந்திருக்கின்றான். அவனை இப்பணியில் ஏவிய ஊர் மூத்தோன் இருளின் தெய்வமே என்பது ஈற்றிற் புலனாகின்றது. நல்லதென எண்ணிச் செய்த வினையின் பயன் செய்தோனையே வந்தடைகின்றது. அத்தெய்வத்தை வென்றால் அது படைத்த கீழுலகும், அவ்வுலகினனாகிய தானும் மறைய வேண்டும். தெரிந்தே வெல்கின்றான். தன் ஊரில் இறுதியாக ஓர் இரவு துயில்கின்றான். கனவிற் பறவையாகித் தான் மீட்ட உலகின்மேற் பறக்கின்றான். உயிர்பெற்ற உலகம் நிலைக்க, அதனை உயிர்ப்பித்தவனுக்கு அதில் இடமில்லாது போகின்றது. சோல் பிளேசரில் எழுந்த தடைக்கு இதுவே விடை. மீட்சி பொய்யன்று, ஆனால் மீண்டது பழையதன்று, மீட்டவர் அதன் விலையைத் தம்மிலிருந்தே கொடுக்கின்றனர். வெள்ளத்துக்கும் போருக்கும் பின்னர்ப் பிள்ளைகளுக்காக வீடெழுப்பி, தாம் பழைய முற்றத்தின் நினைவோடு இருந்துவிட்ட முதியோரை அறிந்த நமக்கு இவ்விடை அந்நியமானதன்று.

குறை கூறாத திறனாய்வு முகமனாகிவிடும். சோல் பிளேசரிற் பொந்துகளை அடக்கும் தொழில் ஒன்றே திரும்பத் திரும்ப வருதலாற் சலிப்புத் தட்டும். இல்லூசன் ஒவ் காயாவிற் கடந்து வந்த இடங்கள் சிலவற்றுக்கு மீளவியலாது; ஆங்காங்கே ஒளிந்துள்ள 50 செம்மணிகளுள் ஒன்றைத் தவறவிட்டவன் வருந்துவதன்றிச் செய்யத்தக்கது இல்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பல இடங்களில் இடறுகின்றது. மேலும், காட்டூர் மக்களை மனித ஊன் தேடுவோராகக் காட்டியது பழைய ஐரோப்பியப் பயணக்கதைகளின் எச்சமாகும், கண்டிக்கத்தக்கது. டெரானிக்மாவில் மந்திரங்கள் பெரும்பாலும் பயனற்றன. நடுவில் வரும் கோட்டைத் தலைவி ஒருத்தியின் போர் அளவுக்கு மீறிக் கடியது. மூன்றிலும் பெண்பாத்திரங்கள் பெரிதும் காத்திருப்போராகவே அமைந்துவிட்டனர். இக்குறைகள் உண்மையாயினும் நூலின் உயிரைத் தீண்டுவனவல்ல.

ஆடப் புகும் மாணவர்க்கு ஒரு முறை கூறுவோம். வெளிவந்த வரிசையிலேயே இவற்றை ஆடுக. சோல் பிளேசர் குறுகியது. அதில் ஊருக்குத் திரும்பி மீண்டோர் ஒவ்வொருவரோடும் உரையாடாது செல்வோன் ஆட்டத்தின் பாதியை இழந்தவனாவான். இரண்டாவதிற் பொருளும் காசும் திரட்டும் வேலை இல்லை. ஓரிடத்துப் பகைவர் யாவரையும் வென்றாலன்றி வலு கூடாது. ஆதலின் விரைந்தோடுதல் தீது. டெரானிக்மா 1996 இல் ஐரோப்பாவுக்கு வந்தபோதும் அமெரிக்காவில் வெளியிடப்படவில்லை. அதனாற் பலர் அறியாது விட்டனர். மூன்றனுள் அதுவே நீண்டது, தலைசிறந்ததும் அதுவே. ஆட்டத்தின் உரைகள் ஆங்கிலத்தில் உள்ளமையின், அகராதியை அருகில் வைத்து ஆடும் மாணவன் மொழிப்பயிற்சியும் பெறுவான்.

மாரியிற் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் நாட்களில் நம் இளைஞர் வீட்டினுள்ளே இருத்தல் வழக்கம். அந்நாட்களில் அவர் கையில் ஓர் ஆட்டம் இருக்கத்தான் போகின்றது. அது எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று வினவும் ஆட்டமா, எத்தனை பேரை மீட்டாய், அதற்கு என்ன கொடுத்தாய் என்று வினவும் ஆட்டமா என்பதே நாம் அவரோடு அமர்ந்து பேசத்தக்க செய்தி. பின்னைய வினாவை எழுப்பவல்லன இம்மூன்றும்.