அடிக்கோடு நீளமா, மேல்கோடு நீளமா?

சீனத்தில் மண்ணைக் குறிக்கும் எழுத்துக்கும் அறிஞரைக் குறிக்கும் எழுத்துக்கும் மூன்றே கோடுகள். கிடையாக ஒன்று, நெட்டுக்குத்தாக ஒன்று, அடியில் கிடையாக இன்னொன்று. எழுதும் வரிசைகூட ஒன்றுதான். அடிக்கோடு நீளமாக இருந்தால் மண். மேல்கோடு நீளமாக இருந்தால் அறிஞர்.

என் கைபேசியில் இருந்த சீன எழுத்துப் பயிற்சிச் செயலி ஆரம்பத்தில் இதில் படு கறார். விரல் சற்று வழுக்கினாலும் சிவப்பு. எரிச்சலில், "இவ்வளவு கண்டிப்பு வேண்டாம்" என்று எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருவன். சில மாதங்களில் தளர்த்தினார்கள். என் மதிப்பெண் எகிறியது. பிறகு ஒருநாள் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிப் பார்த்தேன். மண்ணும் அறிஞரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். இத்தனை நாளாக இரண்டுக்கும் செயலி பச்சை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டவன் நான், கொடுத்தவர்கள் அவர்கள். யாரைக் குறை சொல்ல?

பயனர் சொல்வதைக் கேட்டுச் செயலியைத் திருத்து என்பது இன்று அநேகமாக வேதவாக்கு. ஓட்டலுக்கு அது பொருந்தும். சாம்பாரில் உப்பு அதிகம் என்று சாப்பிட்டவர் சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. படிக்க வந்தவர் விஷயம் அப்படியல்ல. எங்கே தவறுகிறோம் என்பது அவருக்கே பிடிபட்டிருந்தால் செயலியே தேவைப்பட்டிருக்காது.

இருந்தாலும், பயனர் கண்ணுக்கு நிகராக வேறொன்றும் இல்லாத இடம் ஒன்று உண்டு. அது தரவு. சீன எழுத்துகளில் பல, இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. 'ஷிங்' என்றால் நடப்பது, செல்வது. அதே எழுத்து வங்கி என்ற சொல்லில் வரும்போது 'ஹாங்'. இயந்திரக் குரல் இதில் தடுக்கி விழும். செயலியில் உள்ள ஆயிரக்கணக்கான சொல்லட்டைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுச் சரிபார்ப்பது நடக்கிற காரியமில்லை. தினம் இருபது அட்டை புரட்டுகிற ஒருவர் பேருந்தில் போகும்போதே பிடித்துவிடுவார்.

உறவுமுறைச் சொற்களில் நமக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. பெரும்பாலான செயலிகள் பொருளை ஆங்கிலத்தில்தான் தருகின்றன. 'அங்கிள்' என்று போட்டுவிட்டு எழுதச் சொன்னால் எதை எழுதுவது? அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் உடன்பிறந்தவருக்கு வேறு சொல் என்று சீனம் பிரித்து வைத்திருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வியே அரைகுறை என்று முதல் பார்வையில் தெரியும். (நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். அத்தையின் கணவரையும் மாமா என்றே அழைக்கிறோம். சீனத்தில் அவருக்குத் தனிச்சொல்.)

இந்த வகைத் திருத்தத்தைச் சரியாகச் செய்யும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பால் டெனிசோவ்ஸ்கி 1997-ல் தொடங்கிய சீன-ஆங்கில அகராதியின் வாரிசான 'சிசி-செடிக்ட்', ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு, ப்ளேகோ உள்ளிட்ட பல செயலிகளுக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆசிரியர் ஒருவர் பார்த்து ஏற்ற பிறகுதான் உள்ளே போகும். அந்த இடைக்காவல்தான் முக்கியம். ஏனென்றால் இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லி, இரண்டு பேரும் சரியாக இருப்பது சீனத்தில் சகஜம். குப்பைக்கு பெய்ஜிங்கில் 'லாஜி', தைபேயில் 'லெசெ', எழுத்து ஒன்றே. எலும்புக்கான எழுத்தைச் சீனத் தரப்படி 9 கோடுகளில் எழுதுவார்கள், தைவான் தரப்படி 10. யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண். கைதூக்கி எண்ணி முடிவு செய்தால் சிறுபான்மை பிழையாகிவிடும். அந்த அகராதி தைவான் ஒலிப்பையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறது.

சிக்கல் பாடத்தின் கடினத்தில் வருகிறது. நேட் கார்னெல், ராபர்ட் பியார்க் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஓவியர்களின் படங்களைக் காட்டிப் பாணியை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஒருவரின் படங்களைத் தொடர்ந்து காட்டியது ஒரு முறை, பலருடையதைக் கலந்து காட்டியது இன்னொன்று. கலந்து பார்த்தபோதுதான் பங்கேற்றவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் தொடர்ச்சியாகப் பார்த்தது தங்களுக்கு உதவியதாகத்தான் பெரும்பாலோர் நினைத்தார்கள். இவர்களிடம் நட்சத்திர மதிப்பீடு கேட்டிருந்தால் எந்த முறை வென்றிருக்கும்? ஒரே உறுப்பு கொண்ட எழுத்துகளை ஒன்றாகக் கொடுங்கள், பழையதைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், குறிப்பு காட்டுங்கள் என்று பயனர்கள் கேட்பதெல்லாம் அன்றைய பயிற்சியை இதமாக்கும். அடுத்த மாதம் எழுத்து கையில் நிற்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதோடு, வாய் திறப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளே விட்டுப் போனவர் எதுவும் எழுதுவதில்லை. ஆயிரம் எழுத்தைத் தாண்டியவர்தான் நீளமாக எழுதுகிறார். அவருக்கு வேண்டியது புள்ளிவிவர வரைபடமும் கறுப்புப் பின்னணியும். புதிதாக வருபவர் நுழையும் முதல் திரை அப்படியே கிடக்கும்.

அதற்காக, கஷ்டம் என்ற முறையீடுகளை எல்லாம் சோம்பல் என்று தள்ளிவிடவும் கூடாது. கையால் எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவுடன் எனக்குக் கோபம் வரும். ஆனால் சீனம் கற்கும் பிறமொழியினருக்காகச் சீன அரசு 2021-ல் கொண்டுவந்த மொழித்தரமே 3,000 எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, கையால் எழுதக் கேட்பது 1,200-ஐ மட்டும்தான். எல்லா எழுத்தையும் எழுதவைத்த செயலிதான் இங்கே மாற வேண்டியது. முறையிட்டவர் பக்கம் நியாயம்.

ஆகவே முறையீட்டை நோயாளி சொல்லும் வலியாக எடுத்துக்கொள்ளலாம், மருந்துச்சீட்டாக அல்ல. "கண்டிப்பு அதிகம்" என்று நூறு பேர் எழுதினால், செயலியிடமே இருக்கும் விடைப்பதிவைப் புரட்ட வேண்டும். கோணல்மாணலான கோட்டுக்குச் சிவப்பு விழுந்ததா, குட்டைக் கோடு நெடியதானதற்கு விழுந்ததா? முன்னதைத் தளர்த்தலாம். பின்னதைத் தொடக்கூடாது, அங்கேதான் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிறது. ஒட்டுமொத்தமாகத் திருகைத் திருப்பியதுதான் என் செயலியின் பிழை. பதிவைப் பார்த்து முடிவெடுக்கும் முறை ஏற்கெனவே உண்டு: நினைவட்டைச் செயலியான ஆன்கியில் 2023-ல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் கணக்குமுறை, ஒருவர் எதை எப்போது மறந்தார் என்ற அவருடைய பதிவிலிருந்தே மறுபடி கேட்க வேண்டிய தேதியைக் குறிக்கிறது. எளிதா, கடினமா என்று நாம் தட்டும் பொத்தான் அதற்கும் ஒரு தகவல்தான். ஆனால் மறந்ததை மறக்கவில்லை என்று தட்டினால் அந்தப் பதிவே பொய்யாகிவிடும்.

நீங்களும் ஏதாவது செயலியில் சீனம் பழகுபவராக இருந்தால், அடுத்த முறை "ரொம்பக் கஷ்டம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த எழுத்து, நீங்கள் போட்ட கோடு எது, செயலி காட்டியது என்ன, நீங்கள் படிப்பது சீனப் பாடநூலா தைவான் பாடநூலா என்று நாலு வரி எழுதுங்கள். அதை வைத்துத் திருத்துபவர் வேலை செய்ய முடியும்.