வெட்டினால் தெளியுமா?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் மிக்ஸிங் செய்யும் அறை 12 அடி நீளம். பழைய வீடு; சிவப்புச் சிமெண்டுத் தரை, வெறுஞ்சுவர். ராக் பாடல் எது வந்தாலும் பல காலம் என் கை முதலில் ஒரே வேலையைத்தான் செய்தது: கிட்டார், கீபோர்டு, குரல் எதுவானாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை குறை. கலங்கல் போகும், பாட்டு தெளியும் என்பது நம்பிக்கை. வீட்டு ஸ்டுடியோக்களில் இது சடங்குபோல் ஆகிவிட்டது. அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு. அலைவெண்ணில் அருகருகே உள்ள இரண்டு ஒலிகளில் உரத்தது மற்றதை மறைத்துவிடும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாருடையது 82. கிக் டிரம்மின் அடியும் அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. அதற்கு மேலே இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டார்கள், கீபோர்டு, குரல் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. பெங்களூரின் ‘அகம்’ குழுவை எண்ணிப் பாருங்கள். கர்நாடக இசைக் குரலும் வயலினும் ராக் கிட்டாரும் ஒரே பாடலில் வருகின்றன. ஒரு கமகம் கிட்டார் இரைச்சலில் மூழ்கினால் ராகமே போய்விடும். அங்கே தெளிவுதான் பாட்டின் உயிர்.

ஆனால் நாம் வெட்டி எறிவது எது? குரலின் நெஞ்சொலி, ஸ்னேர் டிரம்மின் உடல், கிட்டாரின் கதகதப்பு எல்லாம் அதே 200–500 ஹெர்ட்ஸில்தான் குடியிருக்கின்றன. ஒரு ட்ராக்கில் 3 டெசிபல் குறைத்தால் பெரிதாகத் தெரியாது. இருபது ட்ராக்கிலும் குறைத்தால் பாட்டு எலும்புந்தோலுமாக நிற்கும். சோலோ பட்டனை அழுத்தித் தனியாகக் கேட்டு வெட்டுவது இன்னொரு பிழை. தனியே மந்தமாகத் தோன்றும் கிட்டார்தான் கூட்டத்தில் பாட்டைத் தாங்குகிறது.

அறையும் ஏமாற்றும். 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி நடுவில் காணாமல் போகும், சுவரோரம் வீங்கும். நடுவில் அமர்ந்தவர் பேஸை ஏற்றுவார், சுவரோரம் அமர்ந்தவர் வெட்டுவார். நோய் அறைக்கு, பத்தியம் பாட்டுக்கு!

2011 அக்டோபர் 30 அன்று அரண்மனை மைதானத்தில் இந்த ஊர் ரசிகர்கள் நேரில் கேட்ட மெட்டாலிகா குழுவிடமே தெளிவையும் கனத்தையும் பற்றிய பாடம் இருக்கிறது. 1988இல் வந்த ‘…அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் கிட்டாரின் ஒவ்வொரு வெட்டும் கிக்கின் ஒவ்வொரு தட்டும் துல்லியம். பேஸ் கிட்டார் மட்டும் ஏறக்குறையக் கேட்பதே இல்லை. 1991இல் பாப் ராக் தயாரித்த அடுத்த ஆல்பத்தில் பேஸ் தன் இடத்துக்குத் திரும்பியது. கனமும் கூடவே வந்தது, தெளிவு கெடவில்லை.

ஆகவே தெளிவையும் கனத்தையும் எதிரிகளாக எண்ண வேண்டியதில்லை. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் அடியில் படியும். ஒரு சொட்டு நீரும் குறையாது. மிக்ஸிங்கில் அந்தத் தேற்றாங்கொட்டை, பாட்டின் அமைப்பு. இரண்டு கிட்டார்களும் ஒரே கார்டை ஒரே இடத்தில் பிடித்தால், ஒன்றை மேல் ஸ்தாயிக்கு நகர்த்தலாம். சரணத்தில் ஒன்றை நிறுத்தி வைத்தால், பல்லவி திரும்பும்போது தானாக நிறையும். அடுத்து, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர். ஈக்யூ வெட்டு கடைசியில்தான், அதுவும் ‘எது எதை மறைக்கிறது’ என்று சொல்ல முடிந்தால் மட்டும்.

இப்போது நாற்காலியை அறையின் நடுவிலிருந்து முன்னே நகர்த்திவிட்டேன். முடித்த பாடலில் ஒவ்வொரு வெட்டையும் எடுத்துவிட்டுக் கேட்கிறேன். எதுவும் மறையவில்லை என்றால் அந்த வெட்டு தேவையே இல்லை. பாதிக்கு மேல் அப்படித்தான் போகின்றன.