பனிக்கடியில் கனன்ற நெருப்பு

சிறை இலக்கியம் என்றவுடன் தமிழராகிய நம் நினைவில் முதலில் தோன்றுபவர் வ. உ. சிதம்பரனார். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், தம் வரலாற்றைச் செய்யுளாகவே வடித்தார். துயரத்திடையேயும் வழக்கறிஞரின் மிடுக்கு அதில் குன்றவில்லை. அந்நூலில் தோய்ந்த நமக்கு, திபெத்தியத் துறவி பால்டென் கியாட்சோவின் தன்வரலாறு முதலில் சற்று ஏமாற்றமே அளித்தது. இங்கே மிடுக்கும் இல்லை, சினமும் இல்லை.

1959ஆம் ஆண்டு லாசா எழுச்சியையொட்டிச் சிறைப்பட்ட அவர், சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலுமாக 33 ஆண்டுகள் கழித்து, 1992இல் வெளிவந்தார். (நம் உசேன் சாகரில் மூழ்கிக் கிடந்த புத்தர் சிலை மேலெடுத்து நிறுத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான்!) பின்னர், சித்திரவதைக் கருவிகளை விலைகொடுத்துப் பெற்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், 1995இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் சான்றுரைத்தார். வரலாற்றறிஞர் செரிங் சாக்யாவிடம் அவர் வாய்மொழியாகக் கூறியதே 1997இல் ஆங்கில நூலாயிற்று. பனிக்கடியில் நெருப்பு என்பது அதன் தலைப்பின் பொருள்.

நூலின் உயிர்நிலை எது? அவருடைய ஆசிரியர் இந்தியாவின் ஒற்றர் என்று ஒப்புக்கொள்ளுமாறு அவரை வதைக்கின்றனர். ஒரு சொல் போதும். அச்சொல்லை அவர் தரவில்லை. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நாம், படித்தும் படியாமலும் நாள்தோறும் எத்தனை தாள்களில் கையொப்பமிடுகிறோம்! இப்பகுதியைப் படித்தபின் ஓரிரு நாள்கள் நம் பேனா தயங்கியது உண்மை. ஆசிரியரைக் காத்ததை அவர் வீரமாகப் பேசவில்லை. அவரால் இயலாத ஒன்றைக் கேட்டார்கள் என்பது போலவே சொல்லிச் செல்கிறார்.

குறை ஒன்றுண்டு. பசிக்குத் தோலை வேகவைத்து உண்டதைக் கூறுபவர், அத்தனை ஆண்டுகளும் உள்ளத்தைத் தாங்கிய தியானத்தைப் பற்றிச் சிக்கனமாகவே பேசுகிறார். ஒருவேளை, எழுதியவர் வரலாற்றறிஞராதலால், நிகழ்ச்சிகளுக்கே முதலிடம் தந்திருக்கலாம். அல்லது, துறவிக்கு அது எடுத்துரைக்க வேண்டாத இயல்பாக இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், உள்ளே நுழைய விரும்பிய நாம் வாயிலிலேயே நின்றுவிடுகிறோம்.

தர்மசாலையில் 2018இல் அவர் மறைந்த செய்தி கேட்டு நூலை மீண்டும் எடுத்தோம். 1990இல் மின்தடியை அவர் வாய்க்குள் செலுத்திய பகுதியை வீட்டாருக்கு உரக்கப் படித்துக்காட்ட முயன்று, பாதியில் நிறுத்திவிட்டோம்.