கண்டி வளர்த்த ரக்பி

அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று தருமபுரி மாவட்டத்தில் எங்கே போனாலும் கபடி என்றால் கூட்டம் கூடிவிடும். பாடி வருபவனின் கணுக்காலை மடக்கும் பிடியின் அருமை நமக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய இன்னோர் ஆட்டம் ரக்பி. அது ஒரு நகரத்தின் பெருமையாக எப்படி வளரும் என்பதற்கு இலங்கையின் கண்டி சான்று.

கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. மலையகத்தில் காப்பித் தோட்டத் துரைமார் கோலோச்சிய காலம் அது. ஆட்டத்தை உள்ளூர்ப் பிள்ளைகளின் கையில் சேர்த்தவை பள்ளிக்கூடங்களே. கிங்ஸ்வுட் கல்லூரியை நிறுவிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891இல் மாணவர்களுக்கு ரக்பியைப் பழக்கினார். 1906இல் கண்டியின் போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வுட்டும் அதே நகரின் டிரினிட்டி கல்லூரியும் மோதின. 6-6 என்று சமனில் முடிந்தது. இலங்கையின் முதல் பள்ளி ரக்பிப் போட்டி அதுதான்.

இந்த மரபு தனக்கென்று உயர்ந்த அளவுகோல்களை வைத்திருக்கிறது. டிரினிட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் தலையாய பட்டம் ‘சிங்கம்’. 1945இல் தொடங்கிய பிராட்பி கேடயத்துக்காக டிரினிட்டியும் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடுகின்றன. இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி முடிவாகும். சொந்த மண்ணில் மட்டும் ஜெயித்தால் போதாது.

களத்தில் ஒழுங்கு அதைவிடக் கண்டிப்பானது. பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. எதிராளியைத் தோளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடிபட்டு விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். பிடித்தவனும் அவனை விட்டு உடனே விலக வேண்டும். முரட்டு ஆட்டம் என்று பெயரெடுத்ததன் உயிர்நாடி இந்தக் கட்டுப்பாடுதான்.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் கண்டிக் கழகத்தின் நித்தவெல மைதானத்துக்கு வந்தார்கள். கொழும்புக் கழகங்களின் நிழலில் நெடுங்காலம் இருந்த கண்டி, 1990களில் தலையெடுத்து, இலங்கையின் மிக வெற்றிகரமான ரக்பிக் கழகமாக உயர்ந்தது. கழகம் பிறந்து நூறாண்டு கடந்த பிறகு கிடைத்த அறுவடை அது.

2025இல் இந்தியாவில் முதன்முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி வாகை சூடியது. நமக்கும் வாசல் திறந்திருக்கிறது. நம் மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: கபடிக் களத்தின் ஓரத்தில் ஒரு முட்டைப் பந்தையும் வையுங்கள். பிடிக்கத் தெரிந்த கைகள் இங்கே ஏராளம்.